அண்ணன்மார்

டிசம்பர் 25

1905-இல் இதே நாளில், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் செராம்பூரில், கேரி நூலகத்தில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆள், பணம், தலைமை மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செயலாளர், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. வயது 31. ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் அவருக்கு வாய்த்த துணை, அமெரிக்கரான ஷெர்வுட் எடி. மூன்றே வயது மூத்தவர், தமிழ் படித்துக்கொண்டவர். குரு, சீஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன், தம்பி என்றால் பொருந்தும்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து, சபையில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் வீட்டில் சாப்பாடு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத பையன்களையெல்லாம் கூட்டிவந்துவிடுவார். ரசம் கொதிக்கும்போதே ஆளுக்கொரு கத்தியும் வெங்காயமும் கைக்கு வந்துவிடும். மேலதிகாரி படுத்தும் பாடு, வீட்டுக்குப் பணம் அனுப்பாத உறுத்தல், பெண் பார்க்கும் பேச்சு, எல்லாம் அரிகிற நேரத்தில் வெளியே வரும். பிறகுதான் வேதபாடம். அதில் மட்டும் அண்ணன் பிரசங்கியாகிவிடுகிறார்.

இன்று ஒரு தம்பி சொல்லியேவிட்டான்: "அண்ணே, கேள்வியும் நீங்களே கேக்குறீங்க, பதிலும் நீங்களே சொல்லிடுறீங்க." எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 29

1912-இல் இன்று, இங்கே கொல்கத்தாவில், தூய பவுல் பேராலயத்தில் அசரியாவுக்கு அத்தியட்சர் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். (இப்போது நிற்கும் கோபுரத்தை அவர் அன்று பார்த்திருக்க முடியாது, 1934 பூகம்பத்துக்குப் பிறகு கட்டியது.) இதற்காக விடாமல் மல்லுக்கட்டியவர் சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட். முன்பு இதே ஊரில் பிஷப்ஸ் கல்லூரி முதல்வராக இருந்தவர். எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்தும் வந்தது, இந்தியக் கிறிஸ்தவரிடமிருந்தும் வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகள் எங்களுக்காக உழைக்கிறார்கள், சிநேகிதர்களாக மட்டும் பழகுவதில்லை என்று முகத்துக்கு நேரே பேசியவர் அசரியா. பலருக்குச் சுருக்கென்றது. ஒயிட்ஹெட் கையை விடவில்லை.

ஆனால் 1945-இல் அசரியா இறக்கும்வரை, திருமண்டலம் ஒன்றுக்குத் தலைவராக இருந்த இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அவர் ஒருவர்தான். ஒருவரை உட்காரவைத்ததோடு அண்ணன்மாருக்குக் கை ஓய்ந்துவிட்டது போல.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நேற்றைய பேச்சு இன்னும் ஆறவில்லை. "அடுத்த வாரம் அந்தப் பயலே எடுக்கட்டும், பாப்போம்" என்றார். கோபமா, சம்மதமா, தெரியவில்லை. தம்பிக்குச் சொல்லிவிட்டேன்: எபேசியர் நாலாம் அதிகாரம்.