கரியும் கரிப்பும்

மன்னார் மாவட்டத்து வங்காலையில் ஒரு வளவுக்குள் கால் வைத்ததுமே கண் கரித்தது. வேப்பமரத்தடியில் இடுப்பளவு உமிக்குவியல். அதன் உச்சியில் ஒரு தகரக் குழாய் வெண்புகை விட்டுக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு நின்ற அக்கா குவியலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உதில பாருங்கோ தம்பி, பொட்டுப் பொட்டாக் கறுத்துக்கொண்டு வருது. இனிப் பிரட்டவேணும்."

உமி நானாட்டான் பக்கத்து ஆலையிலிருந்து லாண்ட்மாஸ்டரில் வந்தது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் குத்தி முடிந்ததும் ஆலைகளுக்குப் பின்னால் அது மலையாகக் குவியும்.

அக்காவின் உலையில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. பழைய எண்ணெய்த் தகரத்தில் ஆணியால் அடித்த துளைகள், உள்ளே சிரட்டைத் தீ, மேலே புகைக்குழாய், சுற்றிலும் உமி. சூடு உமிக்குள் இறங்கும். காற்று தாராளமாகப் போகாது. அதனால் உமி எரியாமல் கருகும். வித்தை முழுவதும் அணைப்பதில் இருக்கிறது. குவியல் முழுதும் கறுத்த கணத்தில் பரப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் அடிக்கவேண்டும். உள்ளே ஒரு கங்கு தப்பினாலும் விடியும்போது சாம்பல்தான் மிஞ்சும். அக்கா சாம்பலையும் கரியையும் என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் தொட்டதும் மாவாகப் போனது. கரியோ உமியின் படகு வடிவம் குலையாமல் இருந்தது, நெரித்தால் நறநறத்தது. அப்பாச்சி பல் விளக்கிய அதே உமிக்கரி.

இதை நாற்றுமேடைக்குப் போடுவது இங்கே புதிதல்ல. தண்ணீரைச் சுத்திகரிக்க உதவுமா என்பதுதான் கேள்வி. மெத்திகா விதானகே உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் உமிக்கரியைக் கொண்டு நீரிலிருந்து கிளைபோசேட் என்ற களைகொல்லி, காபோபியூரான் என்ற பூச்சிகொல்லி ஆகியவற்றை அகற்றிப் பார்த்த ஆய்வுகள் 2016, 2017 காலத்தில் வெளிவந்தன. கிளைபோசேட்டை நாடு 2015இல் தடைசெய்து, பிறகு தளர்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். கரி இந்த நஞ்சுகளைக் கரைப்பதில்லை, தன் நுண்துளைகளின் சுவரில் ஒட்டவைக்கிறது. புறத்துறிஞ்சல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஆனால் ஆய்வுகூடத்தில் 700 பாகை செல்சியசில் கருக்கி, நீராவி ஏற்றித் துளைகளைத் திறந்த கரியும் எண்ணெய்த் தகரத்துக் கரியும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் 'உமி போட்டால் போதும்' என்று பேசுபவர்களை நம்ப எனக்கு மனமில்லை.

வங்காலைக்கு இந்தக் கேள்வி தொலைதூரத்து விடயமும் அல்ல. 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சார் ஈரநிலமான 4,839 ஹெக்டேர் நிலம் ஊரின் பக்கத்திலேயே கிடக்கிறது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் இரை தேடும் சேறு அது. மழைத் தண்ணீர் பள்ளம் தேடிக் கடற்கரைக்கு இறங்கும்போது வயலில் அடித்த 'மருந்தை' வயலிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. (நஞ்சை மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம்.)

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர் சோதனை ஒன்று காட்டினார். அடி வெட்டிய சோடாப் போத்தலைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, மணலும் கழுவிய உமிக்கரியும் நிரப்பினார். மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினார். முதலில் இறங்கியது கரித்தூள் கலந்த கறுப்புத் தண்ணீர். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றியபோது கீழே விழுந்த சொட்டுகளில் நீலத்தைத் தேடவேண்டியிருந்தது.

அக்காவுக்கு அது போதவில்லை. இன்னொரு போத்தலில் புதுக்கரி நிரப்பச் சொல்லி, தன் கிணற்றுத் தண்ணீரை வடித்து, ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், இது அப்பிடியே கரிக்குது!"

மாஸ்டர் சிரித்தார். "உப்புக்குக் கரி சரிவராது பிள்ளை. அதுக்கு வேற மெசின்."

கடலோரக் கிணறுகளின் பெரிய வில்லங்கம் உப்பு. உமிக்கரி அதைத் தொடாது. கிருமிக்கும் அதை நம்பமுடியாது, கொதிக்கவைக்கத்தான் வேண்டும். கரியின் வேலை சாயம், சில பூச்சிகொல்லிகள், சில உலோகங்கள் வரைக்கும்தான். அதுவும் துளைகள் நிரம்பும்வரை.

நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது? நீலம் குடித்த கரியைக் கத்தரிப் பாத்திக்குப் போடலாமென்று அக்கா கை நீட்டினார். மாஸ்டர் கொடுக்கவில்லை. மூடியுள்ள பெயின்ட் வாளியில் அதைத் தட்டி, மூடியில் 'தொடாதே' என்று எழுதினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே குவியலிலிருந்து புதுக்கரி இரண்டு கை அள்ளிக்கொண்டு பாத்திப் பக்கம் போனார்.