வாப்பா விட்டுச் சென்ற கல் மீன்கள்



எங்கள் வாப்பா மர்ஹூம் அவர்கள் 1970-களில் குவைத்தில் பணியாற்றியபோது, உடன் பணிபுரிந்த லெபனான் நாட்டுப் பொறியாளர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தவை என ஐந்து கற்பலகைகளை எங்களுக்குக் காட்டுவார்கள். ஒவ்வொரு பலகையிலும் முள்ளும் துடுப்புமாக ஒரு மீன் படிந்திருக்கும். நூஹ் நபி அவர்களின் காலத்து வெள்ளத்தில் மலையேறிய மீன்கள் என்று அந்தப் பொறியாளர் சொன்னாராம். வாப்பா அதையே எங்களுக்கும் சொன்னார்கள்.

வாப்பாவின் மறைவுக்குப் பின் அவர்களுடைய கணக்கேட்டில், "கல் மீன்களில் பெரியது மதரஸாப் பிள்ளைகளுக்கு" என்று ஒரு வரி இருந்தது. அது அவர்களுடைய கையெழுத்துத்தான் என்பதிலும், அதுவே அவர்களின் வஸிய்யத் என்பதிலும் வாரிசுகளான எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. எஞ்சிய நான்கும் பங்கீட்டுக்கு உரியவை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. கணக்கு எளிது. ஆனால் மதிப்புத் தெரியாத பொருளுக்குக் கணக்கு எப்படிப் போடுவது?

இதற்கிடையில் கல் வியாபாரத்தில் உள்ள ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஐந்தையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அதில் பாதிக்கு மேல் பெரிய மீனுக்கு மட்டுமே. மதரஸாவுக்கு மீனைத் தருவதைவிட அந்தப் பணத்தைத் தருவது மேல் அல்லவா என்ற பேச்சும் உறவினரிடையே எழுந்தது. எங்களில் மூத்தவரான லாத்தாதான் அதை நிறுத்தினார். "பொருளில் குறை இருந்தால் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது நம் மார்க்கம். குறை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் நாம் எதைச் சொல்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னர்தான் விவரம் அறிந்தவர்களைத் தேடத் தொடங்கினோம்.

மூவர் உதவினார்கள். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் நிலங்களில் பல்லாண்டுகள் நடந்து சுறாப் பற்களும் அம்மோனைட்டுகளும் பார்த்த, ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். தொல்லுயிர் எச்சங்களைச் சேகரிக்கும் சென்னை இளைஞர் ஒருவர். அவ்விளைஞர் வழியாக அறிமுகமான லெபனான் நாட்டு ஆசிரியை ஒருவர். எவரும் எங்களிடம் ஒரு காசு பெறவில்லை. இரக்கமும் காட்டவில்லை! நாங்கள் அனுப்பிய முதல் படங்களை மூவருமே திருப்பினார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படியும், அருகில் அளவுகோல் வைத்தும், பலகையின் பின்புறமும் விளிம்பும் தெரியும்படியும் எடுக்கச் சொன்னார்கள். பலகைகளைக் கழுவக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, சுண்ணாம்புக்கல்லை அரித்துவிடும் என்பதால் வினிகர் பக்கமே போகக் கூடாது என்றார்கள். பின்னர் கேள்விகள் வந்தன. முதுகுத் துடுப்பு உடலின் நடுவில் தொடங்குகிறதா, பின்னாலா? மலத்துளைக்குப் பின்னுள்ள துடுப்பு நீளமா, குட்டையா? வயிற்றோரத்தில் ரம்பம் போன்ற தகடுகள் உண்டா?

இக்கேள்விகளுக்கு எங்களைவிட விரைவாகப் பதில் சொன்னவர் உம்மா. கடற்கரை ஊரில் பிறந்து அறுபது ஆண்டுகள் மீன் ஆய்ந்த கை அது. சிறிய பலகைகள் இரண்டைப் பார்த்து, "இது சாளை வகையடா, வயிற்றைத் தடவினால் கீறும்" என்றார்கள். நீண்ட மூக்குடைய மெல்லிய மீனை முரல் என்றார்கள். சாளை விஷயத்தில் உம்மாவின் கணிப்பு ஏறக்குறைய சரி என்று ஆசிரியர் எழுதினார். அவை 'ஆர்மிகேட்டஸ்' என்னும் இனம். சாளை, மத்தி ஆகியவற்றின் தொலைதூர உறவு. வயிற்றோரத்தில் மட்டுமின்றி, தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் இடையிலும் சிறு கவசத் தகடுகள் இருப்பது அதன் அடையாளம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அத்தகடுகளை நாங்களும் கண்டோம். நீள மூக்கு மீன் முரலின் சாயல் கொண்டிருந்தாலும் அதன் உறவன்று. டெர்செடிட் என்னும் குடும்பம் அது, முற்றாக மறைந்துபோய்விட்டது. இன்று நம் வலைகளில் விழும் தும்பிலி அதற்குச் சற்று நெருங்கிய உறவாம். உம்மா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜுபைல் நகருக்கு மேலே மலையில் உள்ள ஹாக்கில், ஹஜூலா என்னும் ஊர்களின் கற்சுரங்கங்களில் இவ்வகை மீன்கள் கிடைக்கின்றன என்றும், அக்கல் ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்சேறு என்றும் லெபனான் ஆசிரியை எழுதினார். நான்காவது பலகையைக் கண்டதும், இது எங்கள் நாட்டுக் கல் அன்று என்று அவர் கூறிவிட்டார். மெல்லிய வரிவரியான கல்லில் கரும்பழுப்பு நிற மீன். மலத்துளைக்குப் பின்னுள்ள துடுப்பு குட்டை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த நன்னீர் ஏரியின் 'நைட்டியா' என்னும் மீன் அது. உலகெங்கும் மிகுதியாக விற்கப்படுவது; அம்மாநிலத்தின் அடையாளத் தொல்லுயிராக 1987-இல் அறிவிக்கப்பட்டது. அது வாப்பாவின் கைக்கு எவ்வாறு வந்தது என்று சொல்ல இப்போது எவரும் இல்லை.

பெரிய மீன்தான் எங்களை உறங்கவிடாமல் செய்தது. அதன் தலை அற்புதமானது. வாள் போன்ற பற்கள், தலைக்குப் பின்னே முதுகில் கேடயம் போன்ற எலும்புத் தகடுகள். மூவருமே 'யூரிஃபோலிஸ்' என்று ஒரே பெயரைச் சொன்னார்கள். ஆனால் வால் பக்கத்தைப் பற்றி மூவருமே எதுவும் சொல்லவில்லை. பிறகு சென்னை இளைஞர் நேரில் வந்தார். கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தவர், கல்லின் குறுக்கே ஓடும் ஒரு விரிசலைக் காட்டினார். முன்பகுதியில் விரிசல் எலும்பையும் சேர்த்துப் பிளந்திருந்தது. பின்பகுதியிலோ மீனின் உருவம் விரிசலுக்கு மேலே தடையின்றிப் படர்ந்திருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் அவ்விடம் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. ஒரு மூலையில் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் தொட்டதும் பஞ்சு பழுப்பானது. மீனின் பின்பாதி தூரிகையால் வரைந்த வர்ணம்.

உம்மா வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "வாப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்கள். அன்பளிப்பாக வந்ததை அப்படியே நம்பி வைத்திருந்தார்கள் என்பதுதான் எங்கள் எண்ணம்.

மதரஸாவின் உஸ்தாதிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வஸிய்யத் செய்யப்பட்ட பொருள் எதுவோ அதுவே சேர வேண்டும், அதன் விலை குறைந்தாலும் வாரிசுகள் ஈடு செய்யக் கடமைப்பட்டவர்கள் அல்லர், ஆனால் குறையை மறைக்கக் கூடாது என்றார். வேறொன்றும் சொன்னார். அல்லாஹ்வின் படைப்பு கல்லில் பதிந்திருப்பது மனிதன் வரைந்த உருவம் ஆகாது; அந்த வாலோ மனிதன் வரைந்ததுதான், அதைப் பிள்ளைகள் முன் வைக்க மனம் ஒப்பவில்லை என்றார்.

ஆண்டுக்கணக்கு பற்றியும் அவரிடம் கேட்டோம். குர்ஆன் பூமியின் வயதை எண்ணிட்டுச் சொல்லவில்லையே, எதற்குக் கலங்குகிறீர்கள் என்றவர், அல்பீரூனியைப் படியுங்கள் என்றார். படித்தோம். நகரங்களின் இருப்பிடத்தை அளந்து கிப்லாவின் திசையை அறிவது பற்றி 1025-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூலில், அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்கிறார். கிணறு தோண்டும்போது கிடைக்கும் கற்களை உடைத்தால் சிப்பிகள் இருப்பதையும், சில இடங்களில் சிப்பி அழிந்து அதன் வடிவமான குழிவு மட்டும் எஞ்சியிருப்பதையும் சான்றாகக் காட்டுகிறார். தொழுகைக்குத் திசை தேடிய நூலில் கடல் நிலமான கதை வருவது எங்களுக்கு வியப்பளித்தது.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பதைப் புவியியல் ஆசிரியர் கூறினார். லெபனான் மலையின் வட்ட வடிவத் திருக்கை மீன் ஒன்றுக்கு 1844-இல் பெயரிட்ட எகர்ட்டன் என்னும் ஆங்கிலேயரே, புதுச்சேரிப் படிவுகளில் கிடைத்த மீன் எச்சங்களைப் பற்றி 1845-இல் எழுதியவராம்.

வர்ணத்தை நீக்க இரண்டு மாலைகள் பிடித்தன. இளைஞர் பஞ்சுக் குச்சியால் விரல் அகலம் விரல் அகலமாகத் துடைத்தார். வாலுக்கு அடியில் வெறுங்கல்லும் சிறிது பூச்சுச் சாந்துமே இருந்தன. முன்பாதியில் ஒரு முள்கூடப் போகவில்லை. கல் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, முன்பு சொன்ன தொகையில் சிறு பகுதியைச் சொன்னார். விற்கும் எண்ணம் இல்லை என்று கூறி, தேநீர் தந்து அனுப்பினோம்.

உம்மா உட்பட எல்லோரும் மனமொப்பி, சிறிய சாளை ஒன்றையும் எங்கள் சார்பில் மதரஸாவுக்கு அன்பளிப்பாகச் சேர்த்தோம். அதிலாவது பிள்ளைகள் ஒரு முழு மீனைப் பார்க்கட்டும் என்று. எஞ்சிய மூன்றுக்கும் அறிந்தவர்கள் சொன்ன மதிப்பைக் கொண்டு பங்கு முடிந்தது. நீள மூக்கு மீனை உம்மா எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய பலகையின் அட்டையைக் காக்கா எழுதினார்: "யூரிஃபோலிஸ் இன மீன், முன்பாதி மட்டும். லெபனான். ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகள். பின்பாதியில் இருந்த வர்ணம் நீக்கப்பட்டது." வாப்பாவின் பெயரையும் சேர்க்கலாமே என்றார் உஸ்தாத். பெயர் வேண்டாம், துஆச் செய்யச் சொல்லுங்கள் போதும் என்றார்கள் உம்மா.