கூலிம் பக்கம் ரப்பர் இலை கொட்டுது, மணியோடு ஒரு நாள்



போன ஞாயிறு நாங்கள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த நாடு இது? ஜப்பானா, கொரியாவா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ரெண்டும் இல்லைங்க. பட்டர்வொர்த்திலிருந்து வேனில் ஒரு மணி நேரம், கூலிமைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். சிவப்பு இலைக்கு நடுவில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம்ம மணிதான். கோயில் வாசலில் செருப்பு அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருப்பானே, பூசை மணி அடித்தால் காதைத் தூக்குவானே, அவனேதான்.

மணி பட்டர்வொர்த் நாய் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பூ கட்டுற பாட்டி தோட்டத்தை விட்டு இங்கே மகன் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தவன். தோட்டம் மூடியதும் ஆளுங்க லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாய்ங்க லயத்திலேயே நின்றுபோகும். அடுக்குமாடியில் வளர்க்க முடியாது என்று விட்டுட்டு வந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாட்டி மட்டும் விடவில்லை. அப்போது மணிக்கு நாலு வயசு. இப்போது பன்னிரண்டு. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் வேலை முடிந்து, அண்டா குண்டா எல்லாம் கழுவிக் கவிழ்த்த ஒரு சாயங்காலம் பாட்டி சொன்னார்: "நம்ம பழைய நெரை மரத்துக்கெல்லாம் குறி போட்டாச்சாம். அடுத்த வருசம் எல கொட்ட மரம் இருக்காது. மணிக்கு ஒரு தடவ காட்டணும்." மணிக்கா, பாட்டிக்கா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தொண்டர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். நாயை ஏற்ற முடியாது என்று டிரைவர் அண்ணன் முதலில் முரண்டு பிடித்தார். "தருமரு நாய விட்டுட்டு சொர்க்கத்துக்கே ஏற மாட்டேன்னாரு, நீ என்னப்பா வேனுக்கு இந்தப் பேச்சுப் பேசுற?" என்றார் பாட்டி. அதோடு சரி. பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து மணியை முன் சீட்டில் ஏற்றினோம்.

குபாங் செமாங் டோல், லூனாஸ் டோல் தாண்டும் வரைக்கும் வீடும் ஃபேக்டரியும்தான். அதற்கு அப்புறம் செம்பனை. செம்பனை வருசம் முழுக்க ஒரே பச்சை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ரப்பராக இருந்தது. அப்போது தை, மாசியில் இந்த ரோட்டில் வந்தால் ரெண்டு பக்கமும் தீப்பிடித்த மாதிரி இருக்குமாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஒரு பருவமே நம்ம கண்ணிலிருந்து போய்விட்டது. இன்று நாட்டில் மிச்சமிருக்கும் ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையதுதான்.

இலை ஏன் சிவக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். குளிர் நாட்டில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலை நிறம் மாறும். நமக்குக் குளிர் ஏது? இங்கே அந்த வேலையை வறட்சி செய்கிறது. சனவரி, பிப்ரவரியில் கெடா, பெர்லிஸ், செபராங் பிறை பக்கம் மழை குறைந்துவிடும். மரம் இலையில் இருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பச்சை மங்கும், உள்ளே இருந்த மஞ்சள் தெரியும். பிறகு ஆரஞ்சு, செம்பு, சிவப்பு. ஒரே ரகக் கன்று நட்ட தோட்டம் என்றால் ஒரே வாரத்தில் மொத்தமும் நிறம் மாறும். சின்னக் கன்று உதிர்க்காது, வளர்ந்த மரம்தான் உதிர்க்கும். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் போய், 1877இல் 22 கன்றாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த மரம் இது. அந்த ஆரம்ப காலத்து மரம் ஒன்று பேராக்கில் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது, போனால் பாருங்கள்.

தோட்டத்தில் இறங்கியதும் முதலில் கேட்டது சத்தம்தான். காலை வைத்தால் சரக், சரக். கணுக்கால் மூழ்கும் அளவுக்கு இலை. காற்று வந்தால் மேலேயிருந்து சுற்றிச் சுற்றி இறங்கியது. ஒரு காம்பில் மூணு இலை, அப்படியே வில்வம் மாதிரி. சின்ன வயசில் இதைப் பறித்துக் கல்லுக்குப் போட்டு சிவராத்திரி விளையாட்டு விளையாடுவார்களாம். எங்கள் பிள்ளைகள் இலையை அள்ளி வீசிப் படம் எடுத்தார்கள். "எவ்ளோ அழகு பாட்டி!"

பாட்டி சிரிக்கவில்லை. "அழகுன்னு நாங்க எப்பம்மா பாத்தோம்? எல கொட்டுனா பால் கொட்டாது" என்றார்.

இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும் வரைக்கும் மரத்தில் பால் குறைந்துவிடும். வெட்டினால் மரத்துக்கும் கெடுதல் என்று பல இடத்தில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மங்கு பாதி கூட நிறையாது. காலையில் பெரட்டுக்குப் போனால் புல் வெட்டு, மருந்தடி என்று ஏதாவது கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கடையில் கடன் ஏறுகிற மாசம் அதுதான். அந்த மாசத்தில் பாட்டி அடகு வைத்த தோடு மூணு வருசம் கழித்துத்தான் திரும்பியதாம். இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. ஒரு இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத்தான் தெரியுது, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

செம்பு நிறத்தில் தளிர் வர ஆரம்பித்த மரங்களும் அங்கங்கே இருந்தன. அந்தத் தளிர்க் காம்பில் தேன் சுரக்கும், தேனீ மொய்க்கும். ஊரில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எடுக்கும் தேனில் பெரும்பகுதி இந்த ரப்பர்த் தேன்தான். மார்த்தாண்டம் தேன் என்று வாங்குகிறோமே, அது.

மணியைப் பற்றிச் சொல்லணும். வேனை விட்டு இறங்கியதும் மூக்கைத் தரையில் வைத்தவன் நிமிரவே இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த தம்பியை இழுத்துக்கொண்டு போனான். லயம் இடித்து வருசக்கணக்காச்சு. சிமெண்டுப் படி மூணும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் மிச்சம். அந்தப் படிக்கு முன்னால் இலையைக் காலால் தள்ளிவிட்டு, ரெண்டு சுற்று சுற்றிப் படுத்தான். பாட்டி பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போதைய நிலத்துக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். முன்கூட்டியே போன் போட்டு, நாய் வரும் என்பதையும் சொல்லி அனுமதி கேட்டிருந்தோம். மணியிடமிருந்து தள்ளி நின்றுகொண்டே, "வயசாச்சு போல, தண்ணி குடுங்க" என்றார். பொதுப் பூங்கா பலவற்றில் நாயை விடமாட்டார்கள். அதனால் நீங்களும் இப்படித் தெரிந்தவர் தோட்டமாகப் பார்த்துக் கேட்டுப் போங்கள். கயிறு கட்டாயம் வேண்டும். சருகுக்கு அடியில் பாம்பு இருக்கும், பழைய கம்பியும் உடைந்த மங்கும் கிடக்கும், நாய்க் காலைக் கிழிக்கும். தூரம் போக முடியாதவர்கள் நம்ம கடற்கரை ஓரத்துக் கெத்தாப்பாங் மரத்தைப் பாருங்கள். அதுவும் நன்றாகவே சிவக்கும்.

தோட்டத்து ஓரத்தில் முனீஸ்வரர் இருக்கிறார். ஒரு கல், துருப்பிடித்த சூலம், மேலே ஒரு கிழட்டு ரப்பர் மரம். அந்தச் சருகில் சூடம் ஏற்றினால் தோட்டமே எரிந்துவிடும். முதலில் சுற்றிலும் ஆறடிக்குச் சருகைக் கூட்டி வெறும் மண்ணைக் காட்டினோம், பக்கத்தில் ரெண்டு வாளி தண்ணீர் வைத்தோம், அப்புறம்தான் விளக்கு. தயிர்ச்சோறு படைத்தோம். மணிக்கும் ஒரு உருண்டை. பைரவர் வாகனம் இருக்கும்போது நாம் முதலில் சாப்பிடலாமா?

கிளம்பும்போது பெரியவர் பாட்டியிடம் மலாயில் சொன்னார்: நோன்புப் பெருநாள் முடிந்ததும் மரம் வெட்ட ஆள் வருவார்கள், இந்த மூலையைக் கடைசியாக வெட்டச் சொல்கிறேன், அதற்குள் உங்கள் சாமியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்காமலே விட்டிருக்கலாம். பாட்டி கைகூப்பினார்.

குருக்களிடம் பேசியாகிவிட்டது. கல்லையும் சூலத்தையும் முறைப்படி பூசை செய்து எடுத்து வர நாள் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். எங்கே வைப்பது என்பதை நிர்வாகம் கூடி முடிவு செய்யும். அந்தப் பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த முனீஸ்வரருக்கு என்ன படைப்பார்கள், எந்த மாசம் திருவிழா என்று கருத்தில் எழுதுங்கள். பாட்டிக்குத் தெரிந்தது பாதிதான், அவர் மருமகளாக வந்தவர். கூட வர விரும்புகிறவர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வேனில் ஆறு இடம் இருக்கிறது. முன் சீட் மணிக்கு.