வலது வளைவில் அரை நொடி

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வெளிவட்டச் சாலை, நசரத்பேட்டையில் இடதுபக்கம் திரும்பினால் பெங்களூரு நெடுஞ்சாலை. காலை ஏழரைக்கெல்லாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இருந்தேன். சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த டிராக் இது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

பிட்டில் ஒரு பழைய எஸ்டீம் பானெட்டைத் திறந்தபடி நின்றது. போன பந்தயத்தில் இதன் எஞ்சின் 'டக் டக்' என்று சத்தம் போட்டுப் படுத்துவிட்டதாம். கழற்றி வைத்திருந்த பேரிங்கை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய உள்பக்கம், செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"ஆயில் குறைஞ்சிருந்ததா அண்ணே?"

"அளவு சரியா இருந்துச்சு சார். இருக்கவேண்டிய இடத்துலதான் இல்ல."

மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி திரும்பும்போது மேலிருந்து வழிந்து சாலை நனைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கார் வேகமாக வலப்பக்கம் திரும்பினால் ஆயில் இடப்பக்கம் ஏறிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை 1 ஜி-யைத் தொட்டால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் உறிஞ்சும் வாய் அப்போது காற்றை இழுக்கும். எஞ்சினோ நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இருக்கும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ பிரஷராவது வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் கைக்கணக்கு. ஆனால் வளைவில் இருப்பவர் மீட்டரையா பார்ப்பார்? கார் கம்பெனி வைத்த சிவப்பு விளக்கோ 5 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிய பிறகுதான் எரியும். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால் 20-க்குக் கீழே போனாலே எரியும் பெரிய விளக்கு ஒன்றை ஸ்டியரிங்குக்கு நேரே பொருத்தியிருந்தார்கள். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போதும் அது எரிகிறது. "எரியட்டும் சார், பல்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

சம்ப்புக்குள் இப்போது தடுப்புத் தகடுகளை வெல்டிங் செய்திருந்தார்கள். உறிஞ்சும் வாயைச் சுற்றி, உள்நோக்கி மட்டும் திறக்கும் குட்டிக் கதவுகள். ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்தான் முழுத் தீர்வு. அந்தக் காசுக்கு இன்னொரு கார் வாங்கலாம் என்றார் மெக்கானிக்.

கார் ஐந்து சுற்று போய் வந்தது. லேப்டாப்பில் இரண்டு கோடுகள்: பக்கவாட்டு விசை, ஆயில் பிரஷர். நேர்ப்பாதையில் பிரஷர் 62. நீண்ட வலது வளைவில் 48-க்கு இறங்கி உடனே நிமிர்ந்தது. பழைய பதிவையும் திறந்தார்கள். அதே வளைவு, அரை நொடிதான், 15. அந்தப் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் பதிவாகியிருந்தது. எஞ்சின் போகும்வரை யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இது பந்தயக்காரர்களுக்கு மட்டும் வரும் வினை இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் சுற்றி இறங்கும்போது உங்கள் காரின் ஆயில் விளக்கு கண் சிமிட்டினால், 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டாதீர்கள். இறங்கியதும் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.