கவசத்தில் கண்ட சமாதானம்

ரோமாபுரிக்கு யாத்திரை செல்வோர் வாடிகன் பொருட்காட்சிசாலையிலுள்ள அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சலவைக்கல் சிலையைப் பாராமல் திரும்புவது அரிது. நகருக்கு வடக்கே பிரிமா போர்ட்டா என்னுமிடத்தில், அவர் மனைவி லிவியாவின் மாளிகை இடிபாடுகளிலிருந்து 1863-இல் கண்டெடுக்கப்பட்டது அது. என்னுடன் நின்றவர்கள் அச்சிலையின் உயர்த்திய வலக்கரத்தையே வியந்தனர். என் பார்வையோ மார்புக் கவசத்தில் நிலைத்துவிட்டது.

அதன் நடுவே, தாடி வைத்த பார்த்தியன் ஒருவன், உச்சியில் கழுகு அமர்ந்த படைக்கொடியை ரோமானியனிடம் நீட்டி நிற்கிறான். அச்சிறு சிற்பத்தின் பின்னே 33 ஆண்டு அவமானம் மறைந்திருக்கிறது.

கி.மு. 53-இல், பெருந்தனவந்தனான கிராஸஸ், புகழாசையால் யூப்ரடீஸ் நதியைக் கடந்து, பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்மீது படையெடுத்தான். கார்ரே சமவெளியில் குதிரை வில்லாளரின் அம்பு மாரி அவன் சேனையை அழித்தது. 20,000 பேர் மாண்டனர், 10,000 பேர் சிறைப்பட்டனர் என்கிறார் புளூடார்க். சமாதானம் பேசச் சென்ற இடத்தில் மூண்ட கைகலப்பில் கிராஸஸும் உயிரிழந்தான். கொடிகள் பகைவர் வசமாயின. பின்னர் கி.மு. 36-இல் படையெடுத்த ஆண்டனியும் பெருஞ்சேதத்துடன் திரும்பினான்.

அகஸ்டஸ் வேறு வழி கண்டார். தம் வசம் சிக்கியிருந்த பார்த்திய மன்னன் நான்காம் பிராடீஸின் மகனைத் தந்தையிடமே அனுப்பிவிட்டு, கொடிகளைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஆர்மீனியாவை நோக்கிச் சேனையையும் நகர்த்தினார். கி.மு. 20-இல், போரின்றியே கொடிகளும் கைதிகளும் திரும்பின. ஆயினும் ரோமாபுரியில் அச்சிட்ட நாணயங்களில் பார்த்தியன் மண்டியிட்டே காணப்படுகிறான்! பேசிப் பெற்றதையும் வென்று பெற்றதாகக் காட்டினால்தான் ஜனங்களுக்குத் திருப்தி போலும்.

உண்மை நிலையை யூப்ரடீஸ் நதி அறியும். இரு சாம்ராஜ்யங்களுக்கும் எல்லையாயிருந்த அந்நதியின் தீவொன்றில், கி.பி. 1-ஆம் ஆண்டு வாக்கில், அகஸ்டஸின் பேரன் கையஸும் அடுத்த பார்த்திய மன்னனும் சம அளவு பரிவாரத்துடன் சந்தித்தனர். முதலில் ரோமானியக் கரையில் விருந்து. பிறகு பார்த்தியக் கரையில் விருந்து. இளம் அதிகாரியாக அதை நேரில் கண்ட வெல்லேயஸ் எழுதிவைத்திருக்கிறார். அங்கே எவரும் மண்டியிடவில்லை.

பல ஆண்டுகளாகச் சரித்திரம் போதித்துவரும் நான், கார்ரே யுத்தம் நடந்த ஆண்டைப் பரீட்சைதோறும் கேட்டிருக்கிறேன். அந்தத் தீவில் நடந்த சந்திப்பைப் பற்றி ஒரு முறையேனும் கேட்டதில்லை. சிலையின் முன் நின்றபோது அது என் குறையே என்று உணர்ந்தேன்.