லாபமில்லாத வேலை

ஜெர்மனியில் மொழிபெயர்ப்பை நம்பிச் சுயேச்சையாகப் பிழைக்கும் எங்களைப் போன்றோரை அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மருத்துவர், வழக்கறிஞர் என நீளும் பட்டியலின் கடைசியில் துபாசிகளும் மொழிபெயர்ப்பாளர்களும். அடுத்த சொல், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திக் கொண்டுவருவோரைக் குறிப்பது. இந்த அண்டை எங்களுக்கு உவப்பானதே. வணிகர்கள் செலுத்தும் தொழில் வரியும் எங்களுக்கில்லை.

மாதச் சம்பளக்காரர்களின் வரியை நிறுவனமே பிடித்துக்கொள்ளும். எங்களுக்கோ மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் முன்வரி. மறு ஆண்டு ஜூலை 31க்குள் முழுக் கணக்கு. உலகில் எங்கு ஈட்டினாலும் காட்டியாக வேண்டும். சென்னைப் பதிப்பகமொன்று அனுப்பிய 4,200 ரூபாயையும் யூரோவாக்கி எழுதினோம்.

நீதிமன்றங்களில் துபாசி வேலைக்கு 2025 ஜூன் முதல் மணிக்கு 93 யூரோ. அதுதான் அடுப்பை எரிய வைக்கிறது. ஜெர்மன் நாவல்களைத் தமிழாக்குவதில் உரிமத்தொகை, அகராதிகள், பயணம் எனச் செலவு மட்டுமே மிஞ்சும். மூன்றாண்டு நஷ்டக் கணக்கைக் கண்ட வரி அலுவலகம், இதில் லாபம் ஈட்டும் நோக்கம் உண்டா என்று விளக்கம் கேட்டது. இல்லையெனில் அதற்கு 'லீப்ஹாபெராய்' என்று பெயர். விருப்பத்துக்காகச் செய்வது, அச்சொல்லுக்குள் அன்பு என்ற சொல்லும் இருக்கிறது. அதன் நஷ்டத்தைப் பிற வருமானத்தில் கழிக்க இயலாது. அதில் வரும் சில்லறைக்கு வரியுமில்லை.

எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. ஒப்புக்கொண்டால் இத்தனை ஆண்டு உழைப்பைப் பொழுதுபோக்கென்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்றார் ஒருவர். முந்நூறு பிரதிகள் விற்கும் நூலுக்கு லாபத் திட்டம் தீட்டுவது, நாவலைவிடப் பெரிய புனைவு என்றார் மற்றவர். இரண்டும் உண்மையாகவே பட்டன.

இறுதியில் இரண்டு பத்திகள் எழுதி அனுப்பினோம். முதலாவதில், இதில் லாபத்தை எதிர்பார்க்கவில்லை என்றோம். இரண்டாவதில், ஆயினும் இது பொழுதுபோக்கன்று. நாளில் ஐந்து மணி நேரம் வாங்கும் வேலை என்றோம். அவ்வாண்டு ஏறத்தாழ 700 யூரோ கூடுதல் வரி கட்டினோம்.

பதில் முதல் பத்தியை மட்டுமே ஏற்றுப் பதிவு செய்திருந்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குரிய கட்டம் படிவத்தில் இல்லைதானே. அக்கடிதத்தை நடப்பு நாவலின் கைப்படிகள் கிடக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறோம்.