குரல் வரும் வழி

அறிவியல் வளர வளர உலகம் கையளவாய்ச் சுருங்கிவிட்டது என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிறோம். சவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் வாழும் எனக்கு அது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. என் தந்தை குடகிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு மட்டுமே வீட்டுக்கு வருவார். மற்ற நாள்களில் எங்களுக்கு அவர் ஒரு குரல்தான். ஞாயிறு மாலைதோறும் அம்மாவின் கைப்பேசியில் இணையம் வழியே அந்தக் குரல் வரும்.

சென்ற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பல நாள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்பா, பத்தாவது முடிச்சதும் நான் மேலே படிக்கட்டுமா?" சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு "வேண்டாம்" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. தொடர்பும் அறுந்தது. அன்றிரவு நான் உண்ணவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா அழைத்தபோது, தலைவலி என்று சொல்லிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

என் வாட்டத்தைக் கண்ட அறிவியல் ஆசிரியை காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார்.

பழைய தொலைபேசியில், பேசும் இருவருக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. இணையத்தில் அப்படி இல்லை. நம் குரலலையைக் கைப்பேசி நொடிக்கு 8,000 முறையோ அதற்கு மேலுமோ அளந்து எண்களாக்கிச் சுருக்குகிறது. ஒரு நொடிப் பேச்சைப் பெரும்பாலும் 50 சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. ஒவ்வொன்றிலும் போய்ச் சேரவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். நம் மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளில் சில போளூர்ச் சாலையிலும் சில ஆலங்காயம் சாலையிலும் போவதுபோல, அவையும் வெவ்வேறு வழியில் போகக்கூடும். முன்னே கிளம்பியது பின்னே வரலாம். வாங்கும் கைப்பேசி அவற்றைச் சிறிது நிறுத்தி, வரிசையாய் அடுக்கி, மீண்டும் ஒலியாக்குகிறது.

"தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்காதா, டீச்சர்?" என்றேன்.

"கடிதம், படம் என்றால் கேட்டு வாங்கும். பேச்சுக்குக் காத்திருக்க நேரமில்லை. சொன்னது சுமார் 0.15 நொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும். அதனால் வராததை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஒன்றிரண்டு தொலைந்தால் முன் வந்த ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பும். மலையில் அலை நலிந்து ஐம்பது தொலைந்தால் ஒரு சொல்லே போய்விடும்" என்றார்.

1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், டேனி கோஹன் முதலிய அறிஞர்கள் ஆர்பாநெட் என்னும் கணிப்பொறி வலையில் பேச்சை இவ்வாறு பொட்டலங்களாக அனுப்பிப் பார்த்தனர். பேச்சு முழுமையாக வருவதைவிட நேரத்தில் வருவதே முக்கியம் என்று அவர்கள் கண்டனர். நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழிப் பேச்சுக்கு அரசு அனுமதி அளித்தது.

முடிவில் ஆசிரியை சொன்னார்: "இயந்திரம் திரும்பக் கேட்காது, அம்மா. நீதான் கேட்க வேண்டும்."

அந்த ஞாயிறு, அலை நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி நின்று, நானே அப்பாவை அழைத்தேன். கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அப்பா சிரித்தார்.

"வேண்டாம்னு யாரும்மா சொன்னது? அன்னைக்கும் இதையேதானே சொன்னேன். நீ படி, காசுக்கு நான் பார்த்துக்கிறேன். போன வாரம் நீ பேசலையேன்னு எனக்கு வேலையே ஓடலை."

என் கண்கள் நிறைந்தன. இரண்டு வாரமாக நான் அழுதது, வழியில் தொலைந்த இரண்டு சொற்களுக்காக! என் மௌனம் மட்டும் சிறிதும் தொலையாமல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்புத் தோழியரே! தாயோ தந்தையோ தொலைவில் உழைக்கும் வீடுகள் நம் மலையில் பல உண்டு. அவர்கள் சொல் பாதியாய்க் கேட்டால், மீதியை நாமே மனத்தில் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொரு முறை கேட்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி